ஆவுடைநாயகத்தின் இடுப்பில் இருப்பது

அசையக் கூடாது என்று ஸ்கேன் எடுக்கிற செல்வின் சொல்லி வாயை மூடவில்லை, ஆவுடைநாயகத்துக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. நுனியில் அரித்தால் முகத்தைச் சுளித்தாவது சமாளித்திருக்கலாம். இது இடது துவாரத்துக்கு மேலே, ஒரு விரலால் தேய்த்தால் போதும் என்கிற இடம். அந்த ஒரு விரல்தான் வராது. கைகள் இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பட்டை போட்டுவிட்டான். தலையைச் சுற்றி, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது போல ஒரு கூண்டு. காதில் பஞ்சு. வலது உள்ளங்கையில் மட்டும் பழைய ஐஸ் வண்டி ஹாரன் மாதிரி ஒரு ரப்பர் பந்து. "ரொம்ப முடியலேன்னா இத அமுக்குங்க சார். ஆனா அமுக்குனா ஸ்கேன் நின்னுரும், மொதல்ல இருந்து எடுக்கணும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் தாடிக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். மூக்கு அரிப்பதை 'ரொம்ப முடியலை' என்பதில் சேர்க்கலாமா? பாளையங்கோட்டையில் அப்பனுக்கும் பாடம் நடத்தி, அவன் பிள்ளைக்கும் பாடம் நடத்திய தத்துவப் பேராசிரியர், மூக்கு அரிக்கிறது என்று மெஷினை நிறுத்தினார் என்றால் ஊர் சிரிக்கும். பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொள்வது யார், அரிப்பது யாருக்கு என்று உடனே ஒரு கேள்வி கிளம்பியது. அது கிளம்பாத நேரம் கிடையாது. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட, குறைந்தது என்று அறிகிறவன் யார் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் மனைவி சண்முகவடிவு உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மெஷின் டக், டக், டக் என்று தொடங்கிப் பிறகு பக்கத்து வீட்டில் போர்வெல் போடுகிற சத்தத்துக்கு மாறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரான்சுக்காரரைக் கூப்பிட்டார். அவர் பாடத்தில் எந்தத் தத்துவ ஞானிக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். பெயரைச் சொன்னால் பிள்ளைகள் பெயரைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால் கடையநல்லூரார், அம்பாசமுத்திரத்தார் என்று சம்பந்திகளைச் சொல்வது போலவே பிரான்சுக்காரர், லண்டன்காரர், ஸ்காட்லாந்துக்காரர், ஜெர்மனிக்காரர் என்று சொல்லிப் பழக்கிவிட்டார். பிரான்சுக்காரர் குளிருக்கு அடக்கமாக ஒரு சூடான அறைக்குள் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுத் தள்ளினார். அறை பொய்யாக இருக்கலாம், நெருப்பு பொய்யாக இருக்கலாம், கைகால்கூடப் பொய்யாக இருக்கலாம்; ஆனால் இப்படி உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தன் இருக்கிறானே, அவனைத் தள்ள முடியவில்லை. அவன்தான் நான், உடம்பு வேறு, நான் வேறு என்று முடித்தார். நல்ல மனுஷன். ஆவுடைநாயகமும் அப்படியே செய்து பார்த்தார். இந்த மூக்கு என்னுடையது, ஆனால் நான் மூக்கு இல்லை. இந்த மோவாய் நான் இல்லை. கழுத்து நான் இல்லை. நெஞ்சுக்குள்ளே தடதடவென்று அடிப்பது நான் இல்லை. போன தீபாவளிக்குப் பிறகு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைத்த இந்தத் தொப்பை நிச்சயமாக நான் இல்லை. இந்த இடுப்பு... இடுப்பு என்றதும் போர்வெல் சத்தம் நின்றது போல இருந்தது. உண்மையில் நிற்கவில்லை, அவருக்குத்தான் காது அடைத்துவிட்டது. இடுப்பில் தாயத்து இருக்கிறது.

உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று செல்வின் கேட்டானே. வாட்ச், மோதிரம், பெல்ட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, "வேற ஒண்ணும் கிடையாது தம்பி" என்று கம்பீரமாகச் சொன்னோமே. கம்பீரம் ஏன் வந்தது? பழக்கத்தில் வந்தது. அரைஞாண் கயிற்றில் கோத்த அந்த வெள்ளித் தாயத்தை யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிச் சொல்லி, இல்லை என்பது நாக்கு நுனியிலேயே தங்கிவிட்டது. கல்லூரியில் பகுத்தறிவு மன்றத்துக்கு அவர்தான் தலைவர். ஆத்மா என்று ஒன்று இல்லை, இருந்தால் கொண்டுவந்து மேசையில் வை என்று மேடையில் சவால் விட்டவர். அப்படிப்பட்டவர் வருஷா வருஷம் சக ஆசிரியர்களோடு குற்றாலம் போய் அருவியில் பனியனோடு குளிப்பார். "சாருக்கு எம்புட்டு கூச்சம் பாரும்" என்று தமிழ்த்துறைக்காரர்கள் கிண்டல் பண்ணினால் சிரித்துக்கொள்வார். கட்டிவிட்டது சண்முகவடிவுதான். அவர் அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப்போன வருஷம், எந்தக் கோயிலிலிருந்தோ வாங்கி வந்து, "உங்களுக்கும் அப்படி வந்துரக் கூடாதுல்லா" என்று கயிற்றை நீட்டினாள். ஒரு மணி நேரம் அவளுக்கு அறிவியல் நோக்கு என்றால் என்ன என்று விளக்கினார். முடித்துவிட்டு இடுப்பைக் காட்டினார். அவள் நிம்மதிக்காகத்தான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். ஆனால் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சிக்கலான கேள்வி ஒன்றைக் கேட்டபோது, வேட்டிக்கு மேலாக அதைத் தொட்டுக்கொண்டது எந்தக் கை? அதுவும் நான் இல்லை என்று பிரான்சுக்காரர் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்வோம், வேறென்ன செய்ய.

இந்த மெஷினுக்குள் இருக்கிற காந்தம் சாதாரணமானது இல்லை என்று வெளியே காத்திருந்தபோது ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரையே இழுத்துவிடுமாம். நாற்காலி பறந்து வந்து ஒட்டிக்கொள்ளுமாம். தாயத்து எம்மாத்திரம்? இடுப்பை அறுத்துக்கொண்டு போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டால் பகுத்தறிவு மன்றத்துக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட, வெள்ளியைக் காந்தம் இழுக்குமா? பள்ளிக்கூடத்தில் படித்தது. இழுக்காது. இழுக்குமோ? உள்ளே சுருட்டி வைத்த தகடு என்ன உலோகம் என்று யார் கண்டது? முதலில் அது இருக்கிறதா என்று தெரியவேண்டும். மறந்துபோய் அதோடு படுத்துவிட்டோமா, இல்லை, எங்கேயாவது கழற்றி வைத்தோமா? அசையாமல் தன் இடுப்பைத் தானே உள்ளேயிருந்து கூர்ந்து கவனித்தார். இங்கேதான் ஸ்காட்லாந்துக்காரர் தொப்பையும் சிரிப்புமாக வந்து சேர்ந்தார். அவரும் இப்படித்தான், 'நான்' என்று ஒன்று உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாராம். ஒரு சூடு கிடைத்தது, ஒரு குளிர் கிடைத்தது, ஒரு ஆசை, ஒரு வெறுப்பு. 'நான்' மட்டும் கிடைக்கவில்லை. சந்தைப் பையைக் கவிழ்த்தால் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் விழுமே தவிர, காய்கறி என்று தனியாக ஒன்று விழுமா என்று ஆவுடைநாயகம் வகுப்பில் கேட்பார். பிள்ளைகள் விழாது சார் என்பார்கள். இப்போது இடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கவுனின் முடிச்சு கிடைத்தது, வேர்வை கிடைத்தது, ஏதோ உறுத்துவது கிடைத்தது. உறுத்துவது தாயத்தா, முடிச்சா, பயமா? அந்தக் கயிறு எப்போதும் உறுத்திக்கொண்டேதானே இருக்கிறது. உறுத்தாமல் இருந்த நாள் நினைவில்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்த விசாரம் முற்றித் தலை கிறுகிறுத்தால், எழுந்து போய்ச் சிநேகிதர்களோடு சாப்பிட்டுவிட்டு, காய் உருட்டி விளையாடிவிட்டு வருவாராம். கொடுத்து வைத்தவர். அவரைக் கூண்டு மாட்டி யாரும் குழாய்க்குள் தள்ளவில்லை.

சரி, மறந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் எந்த நோய்க்காக இந்த ஸ்கேனோ, அந்த நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இந்த இடத்தில் யோசனை தட்டி நின்றது. தாண்டிப் போகப் பார்த்தால் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. போன மாதம் வகுப்பில், "ஆகவே, நான் என்பது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சொல் வராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டார். பிள்ளைகள் அதுதான் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள்; ஒரு பெண் அதைக் குறிப்புகூட எடுத்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி, ஃபேனைப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டார். அந்த வீட்டு அம்மாளும் மரியாதைக்குக் காப்பி கொடுத்துவிட்டாள். அதைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு சிக்கரி கூடிட்டு" என்று குறையும் சொன்னாராம். சண்முகவடிவு வந்து கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் சிரித்தாள். ராத்திரி அடுக்களையில் தனியாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றதையும் அவர் பார்த்தார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வயசு ஒன்றும் ஆகவில்லையே என்று இழுத்து, "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம் சார்" என்றார். அந்த 'எதுக்கும்' என்ற சொல்தான் இப்போது உள்ளே கிடந்து குடைகிறது. எதுக்கு?

லண்டன்காரரை அவர் கூப்பிடவில்லை; அவராகவே வந்தார். வைத்தியம் படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர். நேற்று இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒரே ஆள் என்று எப்படிச் சொல்கிறாய்? நேற்றை இன்றைக்கு ஞாபகம் வைத்திருப்பதால். ஞாபகம் எதுவரை நீளுகிறதோ அதுவரை நீ. இதற்கு முழு மதிப்பெண் போட்டுப் போட்டே சிவப்பு மை தீர்ந்திருக்கிறது. ஆனால் அப்பா கடைசி வருஷத்தில் ஒருநாள், வாயில் ஊட்டிய சோற்றை மென்று முழுங்கிவிட்டு, மகன் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏய்யா, நீ யாரு வீட்டுப் பிள்ள? நல்லா இருக்கணும்" என்றார். லண்டன்காரர் கணக்குப்படி அன்றைக்கு அந்தக் கட்டிலில் அப்பா இல்லை. அப்படியானால் யாருக்கு ஊட்டினோம்? ஊட்டி முடித்து யார் வாயைத் துடைத்துவிட்டோம்? அன்றைக்கு ஒரு மணிக்கு வகுப்பு இருந்தது. வகுப்புக்குப் போய் அதே லண்டன்காரரை அட்சரம் பிசகாமல் நடத்தினார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. நாளைக்குச் சண்முகவடிவு ஊட்டுவாள். நாம் மென்று முழுங்கிவிட்டு, நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா என்று கேட்போம். அவள் என்ன சொல்வாள்? அவளுக்குப் பயமாக இருக்குமே. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆவுடைநாயகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இதைச் சந்தேகப்பட்டுத் தள்ள முடியவில்லை. எந்த ஊர்க்காரர் வந்தாலும் தள்ள முடியாது.

இதற்கெல்லாம் மருந்து ஜெர்மனிக்காரரிடம் உண்டு என்று நினைத்தார். கடிகாரம் தோற்கிற மாதிரி தினமும் உலாவப் போகிறவர். சூடும் குளிரும் ஆசையும் வெறுப்பும் சிதறிக் கிடந்தாலும், எல்லாவற்றோடும் 'நான் நினைக்கிறேன்' என்பது கூடவே வருகிறதே, அது கோத்துப் பிடிப்பதால்தான் எல்லாம் ஒரே ஆளுடையதாக இருக்கிறது என்பார். பூவைக் கோத்த நார் மாதிரி என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். இப்போது நார் என்றதும் அரைஞாண் கயிறுதான் நினைவுக்கு வந்தது, கயிற்றில் தாயத்து. போச்சு, சுற்றிச் சுற்றி இடுப்புக்கே வந்தாயிற்று. இன்னொரு ஜெர்மனிக்காரர் இருக்கிறார்; எதிரே ஒருத்தர் நம்மை நாம் என்று ஏற்றுக்கொண்டால்தான் நமக்கே நம்மைத் தெரியவரும் என்று என்னவோ நீளமாகச் சொல்கிறவர். அவர் முறை வரும்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை விடுமுறை விட்டுவிடுவார்கள். ஒரு வருஷமும் அவரை நடத்தி முடித்ததில்லை. திடீரென்று மெஷின் சத்தம் மாறி, வேகமாகத் தட்டச்சு அடிப்பது போலக் கேட்டது. அதோடு இடுப்பில் சூடு. நிஜமான சூடு. முதலில் இளஞ்சூடு, பிறகு இஸ்திரி போட்டு எடுத்த வேட்டியைக் கட்டினாற்போல. தாயத்து காய்கிறது. உருகுமோ? அமுக்கலாமா? அமுக்கினால் செல்வின் வருவான், கவுனைத் தூக்குவான், பார்ப்பான். அவன் தங்கை நம் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்று சொன்னான். நாளைக்கே மன்றத்துக்குத் தெரிந்துவிடும். அமுக்காவிட்டால் வெந்துபோவோம். வெந்துபோனாலும் மானம் மிஞ்சும். யாருடைய மானம்? இத்தனை நேரமாகத் தேடி ஒருத்தரும் உள்ளே அகப்படவில்லையே, மானம் மட்டும் யாருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கும் முன்னாலேயே கை ரப்பர் பந்தை அமுக்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, ஐஸ்காரர் தெருமுனையில் திரும்பும்போது அமுக்குவாரே, அப்படி.

சத்தம் அடங்கியது. பலகை வெளியே நகர்ந்தது. செல்வின் பதறி ஓடிவந்து கூண்டைத் திறந்து காதுப் பஞ்சை எடுத்தான்.

"என்ன சார், மூச்சு முட்டுதா?"

"தம்பி, ஒரு விஷயம். கதவச் சாத்து." ஆவுடைநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடுப்புல ஒரு தாயத்து இருக்கு. சொல்லாம விட்டுட்டேன். நம்பிக்கையெல்லாம் கிடையாது. வீட்ல கட்டுனது."

செல்வின் முகத்தில் கேலி எதுவும் தெரியவில்லை. கவுனை விலக்கிப் பார்த்தான். ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் கையை விட்டுத் தடவியும் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையே சார். கயிறே இல்லையே."

"நல்லாப் பாரு. சுட்டுச்சே."

"கொஞ்சம் கதகதன்னு இருக்கும் சார், எல்லாருக்கும் அப்படித்தான். தாயத்தெல்லாம் இல்ல."

இல்லாத தாயத்துக்காகவா இவ்வளவு நேரம் வெந்தோம்? அதைக் கழற்றியது எப்போது, யார், ஒன்றும் நினைவில்லையே. "என் வீட்டம்மாவக் கூப்பிடு" என்றார். செல்வின் கதவைத் திறந்து கூப்பிட்டான். சண்முகவடிவு கழுத்தில் தாலிச் சங்கிலியும் காலில் மெட்டியுமாக ஓடிவர, "அம்மா, அந்த வாசலத் தாண்டாதீங்க!" என்று கை நீட்டித் தடுத்தான். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு? என்னத்துக்கு வெளிய எடுத்தாவ?"

"இடுப்புல இருந்தது எங்க?"

"எது, அதா? அதத்தான் காலைலயே கழத்திட்டம்லா! குளிச்சிட்டு வந்து நின்னிய, கத்திரிச்சு எடுத்துட்டேன். ஸ்கேனுக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டக்கா சொன்னா."

"நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"பாடம் எடுத்துக்கிட்டு இருந்திய."

"என்ன பாடம்?"

"எப்பமும் எடுக்கது தான். நாங்கிறது எங்க இருக்கு, உடம்புலயா வெளியவான்னு."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"கையத் தூக்குங்கன்னேன். தூக்குனிய. கத்திரிச்சிட்டு எறக்குங்கன்னேன், எறக்குனிய. பாடத்த மட்டும் நிறுத்தல."

செல்வின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. ஆவுடைநாயகத்துக்கும் சிரிப்பு வந்தது. பட்டை போட்ட வயிறு அசைய அசையச் சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அந்தப் பழைய முள் குத்தியது. கழற்றியது மறந்துபோயிற்று என்றால் பயப்பட வேண்டும். கழற்றும்போது கவனிக்கவே இல்லை என்றால் வெட்கப்பட வேண்டும். இரண்டில் எது என்று தெரியவில்லை. வெட்கமே தேவலை, வெட்கமாகவே இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். யாரிடம் வேண்டினார் என்று பகுத்தறிவு மன்றம் கேட்க வேண்டாம்.

"சரி சார், மொதல்ல இருந்து எடுத்துருவோம்" என்று செல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் வந்தான். "புதுசா ஆரம்பிக்கதுனால சரிபாக்கணும். உங்க பேரச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டியது என்ன என்று தெரிந்தது; பேர். பட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. வீட்டு எண் வந்தது. பிரான்சுக்காரரும் லண்டன்காரரும் அவரவர் ஊரோடு வந்தார்கள். அது மட்டும் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. செல்வின் காத்திருந்தான். சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார் ஆவுடைநாயகம். அவருக்குள்ளே, கூட்டத்தில் கை நழுவிப்போன ஒரு பிள்ளை கதறியது.

வாசலில் நின்றவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருநாளும் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கார்டு அதிகாரி கேட்டதற்கு, "கோயில்ல லிங்கம் எதுமேல சார் இருக்கும்? அதோட நாயகத்தச் சேத்துக்கிடுங்க" என்று விடுகதை போட்டு, அந்த ஆளை வேர்க்க வைத்தவள். இப்போது நிலையைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

"ஆவுடைநாயகம்!" என்றாள். சத்தமாகவே சொன்னாள், வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவரை மட்டும் பார்த்து, கெஞ்சுவது போல இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னாள். "ஆவுடைநாயகம்."

"ஆமா" என்றார் அவர். "நான்தான்."

செல்வின் காதில் மறுபடி பஞ்சு வைத்தான், கூண்டை மாட்டினான். பலகை உள்ளே நகர்ந்தது. கண்ணிலிருந்து வழிந்தது நெற்றிப்பொட்டு வழியாக இறங்கிக் காதுப் பஞ்சில் ஊறியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அவர் அசையாமல் கிடந்தார்.